சுண்ணாம்புக்கு அடியில் இருந்தவர்கள்

அக்டோபர் 3, வெள்ளி

கோபம் இன்னும் அடங்கவில்லை. இதை எழுதி முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கப் போகிறேன்.

காலையில் கிருபாகரன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா மகன், வயது எழுபது. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த நாள் முதல் எங்கள் குடும்பக் கல்லறைத் தோட்டத்துக்குத் தலைவர், செயலாளர், காவலாளி எல்லாம் அவர்தான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சாவி அவர் வீட்டு நாள்காட்டிக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது, அது ஒன்றுதான் தகுதி.

"அண்ணே, கனகக்கா அம்மா கிட்ட போவணும்ங்கா. தோட்டத்துல அவளுக்கு ஒரு எடம் வேணும்" என்றேன். "இப்ப இல்ல. என்னைக்காவது."

"அவளுக்கு என்ன? டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஆஸ்பத்திரிய விட வீட்டுக் காத்து நல்லதுன்னாரு. அதான் கூட்டிட்டு வந்துட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"கெட்டிக் குடுத்த பிள்ளைய நம்ம தோட்டத்துல வைக்கிற வழக்கம் கெடையாது பிள்ள. நூத்தம்பது வருசம் ஆகப்போவுது. பதினோரு கல்லறை இருக்கு. ஒண்ணாவது மகளோடதா? எல்லாம் ஆம்பிளையளும் வீட்டுக்கு வந்த மருமக்கமாரும்தான். நானா போட்ட சட்டமா இது?"

"சரி. நான்? என்னை ஒருத்தருக்கும் கெட்டிக் குடுக்கலியே. நான் எங்க போவணும்?"

"ஒன் விசயம் வேற. அதை அப்புறம் பாப்போம்."

எனக்கு அறுபத்திரண்டு வயது. இன்னும் 'அப்புறம்'!

எஸ்தர் மதினி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலையைப் பிடித்தபடி நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசப் போகிறாள்? அவள் இந்த வீட்டு மருமகள். பெரியப்பாவின் கல்லறைக்கும் என் அம்மாவின் கல்லறைக்கும் நடுவில் மூன்று பேருக்கு இடம் மிச்சம். மூன்றிலும் அண்ணன் வெள்ளைக் கல் நட்டு வைத்திருக்கிறார். ஒன்று அவருக்கு, அடுத்தது மதினிக்கு, அதற்கடுத்தது கனடாவில் இருக்கிற மகனுக்கு. பண்ணைவிளையில் பிறந்து, இந்தத் தோட்டத்தில் ஒரு புல்லைக்கூடப் பிடுங்காத பெண்பிள்ளைக்கு நடுநாயகமான இடம். இங்கேயே பிறந்து வளர்ந்த அக்கா கனகபாய்க்கும் சொர்ணபாய் என்கிற எனக்கும் மதிலுக்கு வெளியே.

காப்பியைக் குடிக்காமல் வந்தேன். நல்ல காப்பிதான், வாசனையிலேயே தெரிந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

கோவிலில் இருந்து வரும் வழியில் தோட்டத்தை மதிலுக்கு வெளியே நின்று பார்த்தேன். பதினைந்து சென்ட் நிலம். இரண்டு இலுப்பை மரம். கல்லைக் கல்மேல் அடுக்கிய மதில். இதற்கு ஓர் இரும்புக் கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. உள்ளே இருப்பவர்கள் எழுந்து ஓடிவிடுவார்களா?

எங்கள் குடும்பக் கதையை ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளன்று அண்ணன் சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். தாது வருஷத்துப் பஞ்சத்தில் கிழக்கே செம்மணல் தேரிக்காட்டில் பனை கூடப் பட்டுப்போக, வேதமுத்துத் தாத்தா ஒரு மாட்டு வண்டியில் வேதப்புத்தகத்தையும் இரண்டு மண்வெட்டியையும் ஏற்றிக்கொண்டு மேற்கே வந்தார். கூட வந்தவர் தம்பி ஞானமுத்து. மலையடிவாரத்தில் இந்தப் புதுக்காட்டை வெட்டித் திருத்தியது இருவரும்தான். ஞானமுத்து கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், ஆட்டுக் கொட்டிலுக்குள் வந்த சிறுத்தையை ஒரே வெட்டில் சாய்த்தவர். அவர் பெயரைத்தான் அண்ணன் தன் மகனுக்கு வைத்திருக்கிறார். சிறுத்தை கதையைச் சொல்லும்போது அண்ணனின் கை தானாக உயரும்.

நவம்பர் இரண்டாம் தேதிக்கு முந்திய வாரம் எல்லாக் கல்லறைக்கும் சுண்ணாம்பு அடிப்போம். பெண்கள் புல் பிடுங்கித் தண்ணீர் சுமக்க வேண்டும். ஆண்கள் சுண்ணாம்பு அடித்து, மேலே கறுப்புப் பெயிண்டால் பெயர்களை எழுதுவார்கள். வருஷா வருஷம் பழைய சுண்ணாம்புக்கு மேலேயே புதுச் சுண்ணாம்பு. பழைய கல்லறைகளில் அது இரண்டு விரல் கனத்துக்கு ஏறிக் கிடக்கிறது. புல் பிடுங்க மகள்கள் வரலாம், அதற்கு மட்டும் வழக்கம் உண்டு.

அத்தானை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வடக்கே பிலாயில் அடக்கம் பண்ணினோம், அவர் வேலை பார்த்த ஊர். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் இன்று கோவில் வாசலில் வைத்து, "டவுன் சபைத் தோட்டத்துல கேட்டுப் பாக்கேன்" என்றார், ஏதோ தர்மம் பண்ணுகிறவர் மாதிரி. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய டவுன்! என் முழங்காலோடு!

அக்கா இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

அக்கா ஒரு இட்லி. சட்னி உறைக்கிறது என்றாள். அது சட்னியின் குற்றம்.

அக்டோபர் 9, வியாழன்

எஸ்தர் மதினி தூக்குச்சட்டியில் உளுந்தங்கஞ்சி கொண்டுவந்தாள். எனக்குப் புரியாதா? புருஷன் பண்ணின காரியத்துக்கு இது பூச்சு. வாங்கி ஓரமாக வைத்தேன். அக்காதான் வாசனை பிடித்துக்கொண்டு, "குடுட்டி, மதினி கைப்பக்குவமே தனி" என்று கேட்டு அரைக் கிண்ணம் குடித்தாள். நான் வைக்கும் கஞ்சிக்கு இந்த மரியாதை கிடையாது.

மதினி ஒரு மணி நேரம் உட்கார்ந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்டாள். கால் வீங்கியிருக்கிறது, ஐப்பசி ஈரத்தில் யாருக்கும் வீங்கும். திடீரென்று அவள் கேட்டாள்: "எக்கா, அம்மா பக்கத்துல படுத்துக்கிடணும்னு ஒங்களுக்கு நெசமாவே தோணுதாக்கும்?"

நோயாளியிடம் கேட்கிற கேள்வியா இது! "மதினி, மழை வாரதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இரண்டு நாளாக விடாத மழை. இன்று வெறித்தது. அண்ணன் தென்காசிக்குப் போயிருந்ததால் மதினியிடம் சாவி வாங்கிக்கொண்டு புல் பிடுங்கப் போனேன். இத்தனை அவமானத்துக்குப் பிறகும் புல் பிடுங்கப் போகிறவளை என்ன சொல்வது? அம்மா அங்கே கிடக்கிறாள், அதனால் போனேன்.

ஞானமுத்துத் தாத்தாவின் கல்லறையில் தலைமாட்டுப் பக்கம் சுண்ணாம்பு மழையில் ஊறி, ஒரு தோசை அளவுக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. அடியில் கருங்கல். கல்லில் செதுக்கிய எழுத்து. எங்கள் கல்லறைகளில் செதுக்கிய எழுத்து இருக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு சொல் முழுதாகத் தெரிந்தது.

'குமாரத்தி.'

மகள்.

நான் மண்டியிட்டிருந்ததையே மறந்துவிட்டேன். எழுந்திருக்கும்போது முழங்கால் ஞாபகப்படுத்தியது.

அக்டோபர் 16, வியாழன்

இரண்டு நாள் வேலை. சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கோணியை நனைத்துக் கல்மேல் போட்டு ஊறவைத்து, மழுங்கின தோசைக் கரண்டியால் நெம்பி, எழுத்துக் குழிகளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். முப்பத்தைந்து வருஷம் ஓவிய டீச்சராக இருந்தவள், எழுத்தைக் காயப்படுத்தாமல் சுண்ணாம்பை எடுக்க எனக்குத் தெரியும். உரித்தால் அடுக்கடுக்காக வருகிறது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு வருஷத்துத் திருநாள்.

கல்லில் இருப்பது இது:

'வேதமுத்து நாடார் குமாரத்தி ஞானப்பூ அம்மாள். தேரிக்காட்டிலிருந்து தகப்பனோடு வந்து இக்காட்டைத் திருத்திக் கிணறு வெட்டுவித்தவள். 1891ஆம் வருஷம் தன் நாற்பத்தோராம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். விதவை.'

ஞானமுத்து என்று ஒரு ஆளே இல்லை! தம்பியும் இல்லை, பிரம்மச்சாரியும் இல்லை. பிறக்காத மனிதருக்கு ஐம்பது வருஷமாக மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் பண்ணியிருக்கிறோம். காட்டை வெட்டிக் கிணறு எடுத்தவள் சுண்ணாம்புக்கு அடியில் கிடக்க, ஒரு பொய்க்கு மாலை போட்டிருக்கிறோம். கனடாவில் ஒருவன் அந்தப் பொய்யின் பெயரைக் கடவுச்சீட்டில் வைத்துக்கொண்டு திரிகிறான்.

அந்தச் சிறுத்தையைச் சாய்த்தது யார் என்று இப்போது யார் சொல்வது?

எந்தப் படுபாவி இந்தப் பெயரை மாற்றினானோ, அவன் கை விளங்காமல் போகட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். இலுப்பை மரத்துக் காக்கைகள் பறந்து போயின.

அக்டோபர் 17, வெள்ளி

அண்ணனைக் கையோடு கூட்டிப் போய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மூன்று தரம் படித்தார். முகம் தொங்கிப்போனது. ஒரு நிமிஷம் எனக்கே பாவமாக இருந்தது. அந்தப் பாவம் நிலைக்க அவர் விடவில்லை.

"விதவைன்னு போட்டிருக்கே" என்றார். "புகுந்த வீடு அத்துப்போயி அப்பன்கூடவே வந்துட்டா. அது வேற, கனகம் வேற. கனகம் கடைசி மட்டும் புருசன் வீட்டுல வாழ்ந்தவ."

"எந்த வீட்டுல? பிலாயில கம்பெனி குடுத்த குவார்ட்டர்ஸ்லயா? அதுக்குள்ள கொண்டு போய் வைக்கட்டுமா?"

"எதுக்கு இப்பிடிச் சத்தம் போடுத? செத்தவிய இருக்கிற எடம்."

"செத்தவ பேரையே அழிச்சாச்சி. சத்தம் போட்டா என்ன?"

"போதும். இனிமே ஒரு கல்லுல கை வைக்கக் கூடாது. கல்லறையத் தோண்டுத பிசாசுன்னு ஊர்ல பேசுவான்" என்று சொல்லி என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிசாசு! முப்பத்தைந்து வருஷம் எத்தனை பிள்ளைகளுக்குப் பூவும் பழமும் வரையக் கற்றுக்கொடுத்த நான் பிசாசு.

அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் மத்தியானம் முழுவதும் தூங்கினாள். தூக்கம் நல்லதுதான்.

அக்டோபர் 18, சனி

எஸ்தர் மதினியின் கவனக்குறைவுக்கு அளவே இல்லை. கஞ்சித் தூக்குச்சட்டியைத் திறந்தால் மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு துணியில் சுற்றித் தோட்டத்துச் சாவி கிடக்கிறது. எங்கேயோ வைக்க வேண்டியதை எங்கேயோ வைத்துவிட்டு வந்திருக்கிறாள். வயதாகிறது, பாவம்.

அவளுக்கு இதைச் சொல்லி மனதைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. அண்ணன் கோவிலில் இருக்கும் நேரம்தான் எனக்கு வசதி. வாழ்நாளில் முதல் தடவையாக ஆராதனை நேரத்தில் தோசைக் கரண்டி பிடித்தேன், ஆண்டவர் கணக்கில் வைக்க மாட்டார்.

மூன்றாவது கல்லறை. கறுப்புப் பெயிண்டில் 'வேதமுத்து நாடார் அண்ணன் மகன் அருளப்பன்' என்று இருந்தது. அடியில் இப்படி:

'சாயர்புரம் யோசுவா உபதேசியார் மனைவி, வேதமுத்து நாடார் குமாரத்தி ஏசுவடியாள். பிரசவத்தில் மரித்தாள். வயது 26. தமக்கையின் அருகே வைக்கப்பட வேண்டினாள்.'

கட்டிக்கொடுத்த பிள்ளை. சுமங்கலி. புருஷன் இருக்கும்போதே பிறந்த வீட்டு மண்ணில் அக்காவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சாயர்புரத்திலிருந்து இங்கே அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் இரண்டு நாள் ஆகியிருக்கும். வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். 'வழக்கமில்லை' என்று கதவைப் பூட்டிக்கொண்டு அன்றைக்கு யாரும் நிற்கவில்லை.

கல்மேல் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

உரித்துப் போட்ட சுண்ணாம்புப் பத்தைகளில் கறுப்பு எழுத்துகள் துண்டு துண்டாகக் கிடந்தன. மேலடுக்குகளில் கோணல்மாணலான கைகள். எல்லாம் அடியில் இருந்த ஒரு எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியவைதான். அடியில் இருந்த அந்த முதல் எழுத்து மட்டும் நல்ல வட்டம், சீரான இடைவெளி. யார் எழுதியதோ. நல்ல கை. அதற்கு மேல் இன்று எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி வெடி நேற்றோடு ஓய்ந்தது. அக்கா இன்று கஞ்சி மூன்று கரண்டி. மூன்றாவது கரண்டி என் வற்புறுத்தலுக்காக.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கல்லிலும் இருந்ததை ஒப்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எழுந்து உட்கார்ந்து கை தட்டுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

"எனக்கு எங்க போட்டாலும் ஒண்ணுதாம்ட்டி" என்றாள்.

"என்ன சொல்லுத? அம்மா கிட்ட போவணும்னு நீதானே சொன்ன?"

"அது காய்ச்சல்ல சொல்லியிருப்பேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நீ வந்து பாக்கதுக்குத் தூரமா இருக்கக் கூடாது. ஒனக்கு முட்டி வலி. பஸ் ஏற மாட்ட. வராம இருந்துட்டு வீட்டுல உக்காந்து அழுவ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவள் என் முழங்காலைப் பற்றிப் பேசுகிறாள்.

கொஞ்சம் கழித்து, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அந்தப் பேரெல்லாம் நீதானே எழுதின? பெரியப்பா ஒனக்குப் பேனா வாங்கிக் குடுத்தாரே. பச்சைப் பேனா. எனக்கு இல்லன்னு நான் அழுதேன்."

அக்டோபர் 22, புதன்

எழுதிவிடுகிறேன். யாரையும் ஏமாற்றி என்ன ஆகப் போகிறது.

1975. எனக்குப் பன்னிரண்டு வயது. வரவிருந்த சபை நூற்றாண்டுக்கான மலருக்குப் பெரியப்பா எங்கள் வம்ச வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். கல்லறைகளையும் படம் பிடித்துப் போட வேண்டும் என்று ஆசை. அது வரைக்கும் கல்லறைகளின் மேல் பெயிண்டில் எழுதும் வழக்கமே கிடையாது, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் யார் யார் என்று மனதில் தெரியும். வீட்டிலேயே என் எழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும் என்பதால் என்னைக் கூட்டிப் போனார். ஒரு தாளில் பெயர்களை எழுதிக் கொடுத்தார்.

சுண்ணாம்பு அப்போது இவ்வளவு கனமில்லை. பிரஷ் ஓடும்போது அடியில் குழி தட்டியது. விரலால் தடவிப் பார்த்தேன். "பெரியப்பா, இங்கன வேற பேரு இருக்கு" என்றேன்.

"விதவைப் பொம்பளையில தொடங்குது குடும்பம், கெட்டிக் குடுத்த மகளும் இங்கதான் கெடக்கான்னா நாலு பேரு என்ன சொல்லுவான்? மலர்ல போடணும். அதுக்கு மேலயே அடி" என்றார்.

அடித்தேன். வட்டம் வட்டமாக, அழகாக அடித்தேன். பச்சைப் பேனா கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினேன்.

கை விளங்காமல் போகட்டும் என்று நான் பதினாறாம் தேதி சபித்த கை என் கை.

எனக்குத் தெரியாதா என்ன? செதுக்கிய எழுத்து இருப்பதாக யாரும் சொன்னதில்லை என்று அன்றைக்கு எழுதியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லைதான். என் விரல் சொன்னது.

அக்டோபர் 24, வெள்ளி

அண்ணன் போதகரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார், நான் கல்லறைகளை நாசம் பண்ணுவதைக் காட்ட. மதினியும் பின்னால் வந்தாள். போதகர் சின்ன வயதுக்காரர், தூத்துக்குடிப் பக்கம். இரண்டு கல்லையும் குனிந்து நிதானமாகப் படித்தார். "ஆச்சரியமா இருக்குதும்மா" என்றார்.

"ஆச்சரியம் இருக்கட்டும் ஐயா" என்றார் அண்ணன். "எந்தக் காலத்துலயோ ரெண்டு நடந்திருக்கு. அதுக்கப்புறம் நூறு வருசமா மகளை வச்சதில்ல. அதுதான் வழக்கம். பேரும் எங்க அப்பா காலத்துலயே அப்பிடித்தான் இருந்திச்சி. பெரியவிய காரணம் இல்லாம எழுதியிருக்க மாட்டாவ."

"பெரியவிய எழுதல அண்ணே" என்றேன். "நான்தான் எழுதினேன்."

அண்ணனுக்குப் புரியவில்லை. 1975இல் அவர் வேலைப் பயிற்சிக்கு மேட்டூர் போயிருந்தார்.

"பன்னெண்டு வயசுல, ஒங்க அப்பா சொல்லி, கல்லுல வேற பேரு இருக்குன்னு தெரிஞ்சே எழுதினேன். நீங்க நூத்தம்பது வருசம்னு சொல்லுதீயளே, அந்த வழக்கம் தொடங்கினது என் பிரஷ்ல. ஒரு பேனாவுக்காக ரெண்டு பொம்பளையள அழிச்சேன். அந்த எழுத்தைக் காட்டித்தான் இப்ப எங்கக்காவ வெளிய நிறுத்துதீய. நான் பண்ணின பாவத்தை நானே சொல்லுதேன். இதுக்கு மேல ஒங்களுக்கு என்ன வேணும்?"

மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "அப்போ ஞானமுத்துத் தாத்தா?"

"இல்ல."

"சிறுத்தை?"

"தெரியாது அண்ணே."

அவர் கதவுப் பக்கம் நடந்தார். கதவருகே நின்று, என்னைப் பார்க்காமல், "இது குடும்பச் சொத்து. நான் இருக்கும் வரைக்கும் வழக்கம் மாறாது" என்றார். போதகர், குடும்ப விவகாரத்தில் தான் உத்தரவு போட முடியாது என்று இங்கிதமாக நழுவினார். இங்கிதம்! இந்த மாதிரி நேரத்துக்காகவே அதைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள் போலிருக்கிறது.

சாயங்காலம் புதுப் பூட்டு தொங்குகிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

அக்கா தூங்குகிறாள். கூப்பிட்டால் கண் இமை அசைகிறது. உதட்டை நனைத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

காலை ஏழே கால்.

அக்டோபர் 30, வியாழன்

இரண்டு நாள் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

திங்களன்று அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். கிருபாகரன் அண்ணன் வந்து தலைமாட்டில் நின்றார். "டவுன் தோட்டத்துல சொல்லியாச்சி. வண்டி ரெண்டு மணிக்கு வரும்" என்றார். எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. மூன்று வாரமாகத் தொண்டை கிழியக் கத்தியவள், கத்த வேண்டிய நேரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

எஸ்தர் மதினிதான் எழுந்தாள். அக்காவின் காலடியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, எல்லாருக்கும் நடுவில் புருஷனுக்கு எதிரே போய் நின்றாள்.

"வண்டியத் திருப்பி அனுப்புங்க. எனக்குன்னு ஒரு கல்லு நட்டிருக்கியள்லா, அந்த எடத்துல கனகக்காவ வைங்க."

"ஒனக்கு என்னா, பைத்தியமா? நீ எங்க போவ?"

"எங்க அம்மா பக்கத்துல."

அண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மதினி தொடர்ந்தாள்.

"பண்ணைவிளையில எங்க அண்ணங்கிட்ட ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே போன்ல கேட்டுட்டேன். அவிய என்ன சொன்னாவ தெரியுமா? கெட்டிக் குடுத்த பிள்ளைய வைக்கிற வழக்கம் இல்லையாம். நீங்க சொன்ன அதே வார்த்தை. அவியளோட நான் சண்டை போட்டுக்கிடுதேன். எப்பிடிப் போடணும்னு சொர்ணத்தைப் பாத்துப் படிச்சிக்கிட்டேன். அது என் பாடு. எனக்குக் குடுத்த எடம் என்னோடதுதானே? அதை நான் கனகக்காவுக்குக் குடுத்துட்டேன். சாவிய எடுங்க."

கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கிருபாகரன் அண்ணன் வீடு நிறைந்த ஆட்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பைக்குள் கைவிட்டுப் புதுச் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

இந்த நோட்டைத் திருப்பிப் படித்தேன். மதினியைப் பற்றி நான் எழுதியிருப்பதெல்லாம் படிக்கக் கூசுகிறது. அவள் அன்றைக்கு அக்காவிடம் கேட்ட கேள்வி நோயாளியிடம் கேட்டதல்ல, தனக்குத் தானே கேட்டுக்கொண்டது. துணியில் சுற்றின சாவி யாருக்காவது தவறி விழுமா? அதை எழுதும்போதே எனக்குத் தெரியும். நன்றி சொல்ல மனம் வராமல் அப்படி எழுதினேன்.

தனக்கு இன்னும் கிடைக்காத இடத்தை நம்பி, கையில் இருந்த இடத்தைக் கொடுத்துவிட்டாள்.

அக்கா கனமே இல்லை என்று தூக்கியவர்கள் சொன்னார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

அண்ணன் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். ஞானப்பூ அம்மாளின் கல்லுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மதிலுக்கு அடித்தார். ஜெபத்துக்குப் பின் வழக்கமான கதையைச் சொல்லவில்லை. இரண்டு கல்லில் உள்ளதையும் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வண்டி ரெண்டு மணிக்கு என்று சொன்ன வாய்தானே அது.

எல்லாரும் போன பிறகு, அக்காவின் ஈர மண்ணுக்கும் அம்மாவின் கல்லறைக்கும் நடுவில், மகனுக்காக நட்டிருந்த வெள்ளைக் கல்லை அண்ணன் பிடுங்கிக்கொண்டிருந்தார். கையில் டேப்பு. நான்கு மூலையிலும் குச்சி அடித்தார்.

"பயலுக்குக் கனடாவுல குடியுரிமை கெடைச்சிட்டு" என்றார் தரையைப் பார்த்தபடி. "அவன் இனிமே எங்க வரப் போறான்... இது ஒனக்கு. நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்லு."

"என்ன அண்ணே, நான் எப்பச் சாவேன்னு நாள் பாத்துக்கிட்டு இருக்கியளா?" என்று பாய்ந்தேன். "எனக்கு ஒரு அவசரமும் இல்ல. அளவெடுக்க வந்துட்டாரு அளவெடுக்க!"

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, தோள் தொங்க, கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போனார்.

நான் தனியாக நின்றேன். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வந்தது. இலுப்பை மரத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். எனக்குக் கோபம் அண்ணன்மேல் இல்லை, பெரியப்பாமேல் இல்லை. கனகம்மேல்தான். என்னைத் தனியாக விட்டுவிட்டு அவள் போனாளே, அந்தக் கோபத்தைத்தான் ஊரெல்லாம் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த நான்கு குச்சிகளையும் பார்த்தேன். டேப்பு பிடித்தும் அண்ணனுக்கு அளக்கத் தெரியவில்லை. அக்காவை விட்டு இவ்வளவு தள்ளியா படுப்பது? அவள் பக்கத்து இரண்டு குச்சிகளையும் பிடுங்கி, ஒரு சாண் அவளை ஒட்டி நட்டுவிட்டு வந்தேன்.